இருமல் நின்ற பிறகு

குருமாம்பேட் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். கோடை இரவில் நிலக்காற்று வீசினால் கருகிய பிளாஸ்டிக் நாற்றம் ஊர்ப் பக்கம் வந்துவிடும். ஜன்னலைச் சாத்துவார்கள், கொடியில் கிடக்கும் துணியை உள்ளே எடுப்பார்கள், குழந்தை இருமினால் மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். புகை அடங்கினால் புதுச்சேரியில் அந்தப் பேச்சும் அடங்கிவிடும்.

இதயத்துக்கு விஷயம் அங்கே முடிவதில்லை.

குப்பைமேட்டுத் தீ, கூரை வீட்டுத் தீயைப் போல மளமளவென்று எரிந்து ஓய்வதில்லை. மக்கும் குப்பை அடியில் மீத்தேனைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சினால் மேலடுக்கு கறுத்து அடங்கும். பொக்லைன் ஒருமுறை தோண்டியதும் குபுகுபுவென்று மறுபடி கிளம்பும். கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2-ஆம் தேதி பற்றிய தீ அடங்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது. சென்னை பெருங்குடியும் 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் புகைந்தது. காற்று போதாமல் இப்படிக் கனன்று எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் அதிகம் வெளியேறும்.

பிஎம் 2.5 எனப்படும் அந்தத் துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. முகத்தில் கட்டும் துண்டு அதற்கு வாசல் திறந்த வீடு. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்கார்ந்து அழற்சியைத் தூண்டுகிறது. அந்த அழற்சி ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது; ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது. குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்தவருக்கு ஆபத்து கூடுதல்.

எத்தனை காலத்துக்கு? நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் சரிந்த இடத்தில் வேலை செய்த 9,796 ஆண் தீயணைப்பு வீரர்களை 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். புகையும் தூசும் மண்டிக் கிடந்த அன்று காலையிலேயே போய்ச் சேர்ந்தவர்களுக்கு, பிந்திப் போனவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய் ஆபத்து 44 சதவீதம் அதிகம் என்று 2019-இல் முடிவு வெளியானது. விறகடுப்புப் புகையும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் 32 சதவீதம் மாரடைப்பு வகை இதய நோய்.

தீயணைப்பு வீரர், குப்பை பிரிப்பவர், கிடங்கை ஒட்டிய தெருவில் குடியிருப்பவர் ஆகியோரின் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தமும் இசிஜியும் பார்ப்பது பெரிய செலவில்லை. ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. மற்றவர்களும் மருத்துவரிடம் போகும்போது, சிகரெட் பழக்கத்தைச் சொல்வதுபோலப் புகையில் இருந்த நாள்களையும் சொல்ல வேண்டும். நெஞ்சு இறுகி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது; 108-ஐ அழைக்க வேண்டும்.