கடைக்கு ரூட்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது; 2018-ல் ஈ-வே பில்லும் நடைமுறைக்கு வந்தது. அது முதல் தஞ்சை, கும்பகோணம், பட்டுக்கோட்டை வியாபாரிகளாகிய நமக்கு இணைய இணைப்பும் தராசைப் போல அவசியமாகிவிட்டது. சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நிற்க, இணைப்பு நின்றுபோனால் பில் போட முடிவதில்லை. ஆகவே ரூட்டர் வாங்குகையில் வேகத்தைவிட உழைப்பையே நாம் முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, ஃபைபர் இணைப்புடன் நிறுவனம் கொடுக்கும் பெட்டியிலேயே பெரும்பாலும் வை-ஃபை இருக்கும். சிறிய கடைக்கு அதுவே போதும். அதைச் சோதித்துப் பார்க்காமல் வேறு வாங்குவது வீண் செலவு.

இரண்டாவது, அட்டைப்பெட்டியில் 1200 என்று போட்டிருந்தால் அது இரண்டு அலைவரிசைகளின் வேகத்தைக் கூட்டிச் சொல்லும் கணக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் பழைய கட்டடங்களின் கனத்த சுவரைத் தாண்டுகையில் வலு குறைந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவானாலும் கிடங்கு வரை எட்டும். இரண்டும் உள்ள ரூட்டர் சுமார் 2,000 ரூபாயிலேயே கிடைக்கிறது. அதை மூட்டை அடுக்குக்குப் பின்னாலோ இரும்பு பீரோவிலோ வைக்காமல் உயரத்தில் வைக்கவும். பில் போடும் கணிப்பொறிக்கு வயர் இணைப்பே உத்தமம்.

மூன்றாவது, மின்தடை. ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டுக்கும் பேட்டரி வசதி இருந்தால்தான் இணைப்பு நிற்காது. இதற்கான சிறிய யு.பி.எஸ். வாங்குமுன் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் அளவைச் சரிபார்க்கவும். 2018 நவம்பர் கஜா புயலில் நம் பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அத்தகைய நாளுக்கு எந்த பேட்டரியும் போதாது. கையெழுத்துப் பில் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

நான்காவது, பாதுகாப்பு. தயாரிப்பாளர் மென்பொருள் திருத்தம் தருவதை நிறுத்திவிட்ட பழைய ரூட்டர்களைக் கயவர்கள் கைப்பற்றுவதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 மே மாதம் எச்சரித்தது. எனவே பழைய மாடலைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும், திருத்தம் இன்னும் வருகிறதா என்று கேட்டே வாங்கவும். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றவும். வாடிக்கையாளர்களுக்குத் தனி விருந்தினர் இணைப்பு கொடுக்கலாம். கணக்கு ஏறும் இணைப்பைக் கொடுக்கலாகாது.

உத்தரவாதக் காலத்தையும், பழுது பார்க்குமிடம் அருகில் உள்ளதா என்பதையும் விசாரித்து, முறையான பில்லுடன் வாங்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.