வெளியூர் ஊழியருக்கு வி.பி.என். கோப்பை அனுப்பும் முன்

அலுவலகக் கணக்குகளை வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ கவனிக்கும் ஊழியர்கள் இன்று சிறு நிறுவனங்களிலும் உள்ளனர். அவர்களது கணினியை அலுவலக வலையமைப்புடன் பாதுகாப்பாக இணைப்பது வி.பி.என். எனும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு. அதற்குரிய கட்டமைப்புக் கோப்பு முதலில் ஊழியரைச் சென்றடைய வேண்டும். அதை அனுப்பும் முறையைத் தொழில்முனைவோரான நம் வாடிக்கையாளர்களுக்கு இங்கே விளக்குகிறோம்.

ஓபன்விபிஎன் மென்பொருளுக்கான கோப்பில், அலுவலக சர்வரின் முகவரியுடன் ஊழியருக்குரிய சான்றிதழும் ரகசியத் திறவுகோலும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். கூடுதலாகக் கடவுச்சொல் கேட்கும்படி அமைக்கப்படாவிடில், கோப்பைக் கைப்பற்றியவர் அந்த ஊழியராகவே உள்ளே நுழையலாம். சம்பளப் பட்டியலும் பணப் பட்டுவாடா விவரங்களும் அவர் கைக்கு எட்டும் தொலைவில் வந்துவிடும். ஆகவே, இதை வெறும் ஆவணமாக அன்றி, அலுவலகத்தின் திறவுகோலாகவே கருத வேண்டும்.

டெபிட் கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் வங்கிகள் ஒரே உறையில் அனுப்புவதில்லை. அதே நெறி இதற்கும் பொருந்தும். கோப்பை ஏ.இ.எஸ்.-256 குறியாக்கத்துடன் கூடிய ஜிப் கோப்பாகப் பூட்டி மின்னஞ்சலில் அனுப்பலாம். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் நேரடியாகக் கூறுவதே முறை. அதையும் மின்னஞ்சலிலேயே எழுதினால், அஞ்சல் பெட்டிக்குள் புகுந்தவருக்கு இரண்டும் ஒருங்கே கிடைத்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் கோப்பைப் பகிர்வதை அறவே தவிர்க்க வேண்டும். அதன் பிரதிகள் பலருடைய கைப்பேசிகளில் தங்கிவிடும்.

ரகசியத்தை அனுப்பாமலே இருப்பது இதனினும் சிறந்தது. வயர்கார்டு மென்பொருளில், ஊழியர் தம் கணினியிலேயே திறவுகோல் இணையை உருவாக்கிக்கொண்டு, பொதுத் திறவுகோலை மட்டும் அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். அது பிறர் கண்ணில் பட்டாலும், அதைக் கொண்டு எவரும் நுழைய இயலாது. அதை அனுப்பியவர் உண்மையில் நம் ஊழியர்தானா என்பதை மட்டும் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒருவருக்கு ஒரு கோப்பு என்பதே விதியாக இருக்கட்டும். ஐவர் ஒரே கோப்பைப் பயன்படுத்தினால், ஒருவர் விலகும்போது மற்ற நால்வருக்கும் புதிது வழங்க நேரிடும். உள்ளே வந்தவர் யார் என்பதும் தெரியாது. மடிக்கணினி தொலைந்தால், அனுப்பிய அஞ்சலை அழிப்பதால் பயனில்லை. தொலைந்த கார்டை முடக்குவது போலவே, அந்தச் சான்றிதழைச் சர்வரில் ரத்து செய்ய வேண்டும்; வயர்கார்டாயின் அவரது பொதுத் திறவுகோலை நீக்க வேண்டும்.

நிறைவாக ஒரு குறிப்பு. எமது இணைய வங்கிச் சேவைக்கு வி.பி.என். கோப்பு எதுவும் தேவையில்லை. எமது பெயரில் அத்தகைய கோப்பு வந்தால், அதைத் திறவாமல் தங்கள் கிளைக்குத் தெரிவியுங்கள். பண இழப்பு நேர்ந்திருப்பின், சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள்.