அரசாங்கக் காசு யார் காசு?

ரேஷன் கடை வரிசையில் நின்றால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும்.

"ஏதோ புண்ணியத்துக்குப் போடுகிறார்கள். எடை குறைந்தால் என்ன, கல் கிடந்தால் என்ன? வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போக வேண்டியதுதான்." இது ஒரு பேச்சு.

"அரசாங்கக் காசுதானே! கிடைத்தவரை லாபம். யார் கேட்கப் போகிறார்கள்?" இது இன்னொரு பேச்சு.

ஒன்று பயந்த பேச்சு. மற்றொன்று துணிந்த பேச்சு. ஆனால் இரண்டு பேரும் ஒன்றைத்தான் நினைக்கிறார்கள். அரசாங்கத்தின் காசு நம் காசு இல்லை, வேறு யாருடையதோ என்று நினைக்கிறார்கள். அது சரியா? பார்ப்போம்.

காசு எங்கிருந்து வருகிறது?

"வரி கட்டுவது பணக்காரர்கள். கூலி வேலை செய்யும் நாங்கள் எங்கே வரி கட்டுகிறோம்?" என்று எங்கள் படிப்பு மையத்தில் ஓர் அக்கா கேட்டார்.

நாம் எல்லோரும் வரி கட்டுகிறோம். சோப்பு வாங்குகிறோம். செருப்பு வாங்குகிறோம். அவற்றின் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. அடுத்த முறை கடையில் ரசீது கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. என்ற எழுத்துகளைத் தேடிப் படியுங்கள். 2017 ஜூலை முதல் நாடு முழுவதும் இருக்கும் வரி அது. பணக்காரர் வாங்கும் சோப்புக்கு என்ன வரியோ, அதே வரிதான் கூலிக்காரர் வாங்கும் சோப்புக்கும்.

இப்படி நாட்டு மக்கள் எல்லோரும் கட்டிய பணத்தில்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன், முதியோர் பென்ஷன் எல்லாம் நடக்கின்றன.

இது தர்மமா, உரிமையா?

மக்களின் உணவையும் உடல்நலத்தையும் கவனிப்பது அரசின் கடமை என்று நம் அரசியல் சட்டம் சொல்கிறது. 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி தகுதியுள்ள குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் தர வேண்டும். மிகவும் வறுமையில் உள்ள அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. இந்தத் தானியம் 2023 ஜனவரி முதல் விலையில்லாமல் தரப்படுகிறது.

ஆகவே இது யாரும் போடும் பிச்சை இல்லை. சட்டம் தந்த உரிமை. எடை குறைந்தால் கேட்கலாம். கேட்க வேண்டும்.

அதே அரசியல் சட்டத்தில் 1976-ல் குடிமக்களின் கடமைகளும் சேர்க்கப்பட்டன. பொதுச் சொத்தைக் காப்பது அவற்றில் ஒன்று. உரிமையும் கடமையும் எப்படிச் சேர்ந்து நடக்கும்? ராஜஸ்தானில் நடந்த ஒரு செய்தியைக் கேளுங்கள்.

கணக்கு கேட்ட மக்கள்

ராஜஸ்தான் வறண்ட பூமி. மழை பொய்த்தால் வயலில் வேலை இருக்காது. அப்போது அரசு, சாலை போடுவது, குளம் வெட்டுவது போன்ற வேலைகளைக் கொடுக்கும். வேலைக்கு வந்தவர்களின் பெயரை மஸ்டர் ரோலில் எழுதுவார்கள். ஆனால் உழைத்தவர்களுக்கு முழுக் கூலி வரவில்லை. கணக்கைக் காட்டு என்றால், "அது அரசாங்க ரகசியம்" என்றார்கள்.

1990-ல் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன். 1994 டிசம்பர் 2-ஆம் தேதி அப்போது பாலி மாவட்டத்தில் இருந்த கோட் கிரானா கிராமத்தில் ஊர் மக்களைக் கூட்டினார்கள். மஸ்டர் ரோலில் இருந்த பெயர்களை எல்லோர் முன்னும் உரக்கப் படித்தார்கள்.

இப்படிப் பல ஊர்களில் படித்தபோது உண்மை வெளியே வந்தது. வேலைக்கே போகாதவர்களின் பெயர் இருந்தது. செத்துப்போனவர்களின் பெயரும் இருந்தது. கட்டாத கட்டடத்துக்குப் பணம் எடுத்திருந்தார்கள். 1998-ல் சில ஊராட்சித் தலைவர்கள் எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"நம் பணம், நம் கணக்கு" என்பது அந்த மக்களின் முழக்கம். 1996-ல் பியாவர் நகரில் 40 நாட்கள் தர்ணா இருந்தார்கள். இதுபோன்ற பல போராட்டங்களுக்குப் பிறகு 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. இன்று மத்திய அரசு அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டி யாரும் கணக்கு கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நம் பங்கு என்ன?

பொய்க் கணக்கு எழுத ஒரு பெயர் வேண்டும், ஒரு கைநாட்டு வேண்டும். "உன் பெயரைப் போட்டுக்கொள்கிறேன். நீ வேலைக்கு வர வேண்டாம். பாதி உனக்கு, பாதி எனக்கு" என்று ஒருவர் ஆசை காட்டலாம். அந்தப் பாதி யாருடையது? வெயிலில் மண் சுமந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் கூலி அது. அவர் பிள்ளையின் சோறு அது.

வசதி வந்த பிறகும் ஏழைக்கான கார்டை வைத்திருப்பதும் அப்படித்தான். உண்மையான ஏழை ஒருவர் கார்டு கிடைக்காமல் வெளியே நிற்பார். மனம் இருந்தால் விட்டுக்கொடுக்கவும் முடியும். சமையல் எரிவாயு மானியம் தேவையில்லாதவர்கள் விட்டுக்கொடுக்கலாம் என்று 2015-ல் அரசு கேட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பசியில் ஒருவர் செய்யும் சிறு தவறும், பெரியவர்கள் அடிக்கும் கொள்ளையும் ஒன்றல்ல. "மக்கள் சோம்பேறிகள், ஏமாற்றுக்காரர்கள்" என்று சொல்லி ஏழையின் உரிமையைப் பறிப்பதும் நியாயமில்லை. யாரோ ஒருவர் ஏமாற்றினார் என்பதற்காகப் பத்துப் பேரின் தட்டைப் பிடுங்கலாமா? ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் வழி தேட வேண்டும்.

அந்த வழி நம் கையிலும் இருக்கிறது. கிராம சபைக்குப் போவோம். கணக்கை வாசிக்கச் சொல்வோம். படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். தெருக் குழாய் உடைந்தால், "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று தாண்டிப் போகாமல் உடனே ஊராட்சிக்குச் சொல்வோம். குழாயும் நம் காசில் வந்ததுதான். வீணாகும் தண்ணீரும் நம்முடையதுதான்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ரேஷன் கார்டில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது? மாதம் எத்தனை கிலோ வர வேண்டும்? எத்தனை வருகிறது?

2. உங்கள் பகுதியில் தகுதி இருந்தும் கார்டு இல்லாதவர்கள் யார்? அவர்களுக்கு மனு எழுத யார் உதவலாம்?

3. "பாதி உனக்கு, பாதி எனக்கு" என்று ஒருவர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?