பட்டத்துக்குப் பாதை – 7: செல்லுக்குப் போகும் இரண்டு வழிகள்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெயரைவிட எண்ணுக்குத்தான் மவுசு. உயிரியல் துறை அங்கே 'கோர்ஸ் 7'. மரபியல் 7.03, உயிர்வேதியியல் 7.05, செல் உயிரியல் 7.06. புதிதாகச் சேர்ந்த மாணவிக்கு 7.06 மேல்தான் ஆசை என்றாலும் நேராகப் போய் உட்கார முடியாது. மரபியலும் உயிர்வேதியியலும் முடித்திருக்க வேண்டும். உயிர்வேதியியலுக்கு முன்னால் கரிம வேதியியல். அதற்கும் முன்னால் பொது வேதியியல். முதலாண்டில் வேதியியலைத் தள்ளிப்போட்டால் அத்தனையும் வரிசையாகத் தள்ளிப்போகும்.

உயிரியல் படிக்க வந்தவர்களை ஏன் வேதியியலில் இப்படி அலைக்கழிக்க வேண்டும்?

பதில் செல் உயிரியலின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் பெர்க்லியில் ராண்டி ஷெக்மனும் அவருடைய மாணவர் பீட்டர் நோவிக்கும் ஒரு வினோதமான ஈஸ்டைத் தேடினார்கள். சாதாரண வெப்பநிலையில் அது ஒழுங்காக வளரும். 37 டிகிரிக்கு ஏற்றினால், வெளியே அனுப்ப வேண்டிய புரதத்தை உள்ளேயே தேக்கிக்கொள்ளும். கிடைத்தவற்றை ஒன்றோடொன்று கலந்து பிரித்ததில், 1980க்குள் 23 மரபணுக்கள் பிடிபட்டன. முழுக்க முழுக்க மரபியல் வேலை.

ஜேம்ஸ் ராத்மன் போனது வேறு வழியில். செல்லை உடைத்து, உள்ளே நடக்கும் புரதப் போக்குவரத்தைச் சோதனைக்குழாயில் நடத்திக் காட்டி, அதற்குத் தேவையான புரதங்களைப் பிரித்தெடுத்தார். அவர் பிரித்த என்.எஸ்.எஃப். என்ற புரதமும், ஷெக்மன் ஆய்வகத்தின் 'செக்18' மரபணு உருவாக்கும் புரதமும் ஒன்றுக்கொன்று இணையானவை என்று பிறகு தெரிந்தது. 2013இல் தாமஸ் சூட்ஹாஃபுடன் சேர்ந்து இருவருக்கும் நோபல் பரிசு. மரபியல், உயிர்வேதியியல் இரண்டில் ஒன்று தெரியாவிட்டாலும் இந்தக் கதை பாதிதான் புரியும்.

தமிழ்நாட்டு விலங்கியல் மாணவருக்குப் பாடங்களை வரிசைப்படுத்தும் தலைவலி குறைவு. எந்த செமஸ்டரில் எந்தத் தாள் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்துவிடுகிறது. 'அலைட்தானே, பாஸானால் போதும்' என்று துணைப்பாடமான வேதியியலைக் கடந்து வருவது மட்டும் அவருடைய சொந்த முடிவு.

அமெரிக்காவில் மருத்துவக் கனவு உள்ளவர்களுக்கு இன்னொரு கெடு. அங்கே பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அதற்கான எம்கேட் நுழைவுத்தேர்வில் 2015 முதல் உயிர்வேதியியலும் சேர்ந்தது. மூன்றாம் ஆண்டில் தேர்வு எழுத நினைப்பவர் இரண்டாம் ஆண்டிலேயே கரிம வேதியியலை முடித்தாக வேண்டும்.

கடல் உயிரியல் பக்கம் சாய்பவர்களுக்கு வேதியியலோடு இடமும் சிக்கல். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகம் சான் வான் தீவில் இருக்கிறது. வகுப்பறையை ஒட்டியே கடல். ஒரு முழுக் காலாண்டும் அங்கேயே தங்கிப் படிக்கலாம். அந்த மூன்று மாதமும் சியாட்டில் வளாகத்தில் நடக்கும் வகுப்புகளுக்குப் போக முடியாது. அதனால் அங்கே போக நினைப்பவர் முதலில் அந்தக் காலாண்டைக் குறித்துவைத்துக்கொண்டு, மற்ற பாடங்களை அதற்கு முன்னும் பின்னுமாக அடுக்குகிறார்.

(தொடரும்)