மின்னணு உறுப்புகளைக் கையாளுதலில் நிலைமின் தடுப்பு: சூளகிரி – ஓசூர் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44இல் அமைந்த சூளகிரி, காய்கறி விளைச்சலுக்குப் பெயர்பெற்ற ஊர். இன்று அதனைச் சூழ்ந்துள்ள வட்டாரத்தில் ஏதர், ஓலா ஆகியவற்றின் மின்னூர்தித் தொழிற்சாலைகளும் டாட்டா எலக்ட்ரானிக்ஸின் கைப்பேசிப் பாக ஆலையும் இயங்குகின்றன. மின்னூர்தியின் மின்கலத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றட்டை போன்ற நுண்ணிய பாகங்களைக் கையாளும் இடங்களில், கண்ணுக்குப் புலப்படாத நிலைமின்னே பெரும் பகையாகின்றது.

இரு பொருள்கள் உரசிப் பிரிகையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னணுக்கள் இடம்பெயர்வதால் மின்னேற்றம் உண்டாகிறது. மனித உடல் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாகக் கருதப்படுகிறது. உடலில் 3,000 வோல்ட் அளவு திரண்ட பின்னரே அதன் இறக்கம் விரலில் சுருக்கென உணரப்படும். குறைகடத்தியினுள் இருக்கும் சிலிக்கன் ஆக்சைடு படலமோ ஒரு நானோமீட்டருக்கு ஏறத்தாழ 1 வோல்ட் மட்டுமே தாங்கும். ஆகவே 100 வோல்ட்டிற்கும் குறைவான இறக்கத்தில் பழுதாகும் உறுப்புகள் உள்ளன. பணியாளர் எதனையும் உணராத நிலையிலேயே சேதம் நிகழ்ந்துவிடுகிறது. உறுப்பு உடனே செயலிழந்தால் சோதனையில் சிக்கும். பாதி சிதைந்ததோ சோதனையைக் கடந்து, பல மாதங்களுக்குப் பின் சாலையில் ஓடும் வண்டியில் பழுதாகும்.

மாசி, பங்குனி மாதங்களின் உலர்ந்த நண்பகலில் இவ்விடர் மிகும். ஆயினும் ஈரப்பதத்தை உயர்த்துவது துணை ஏற்பாடே. ஈரக்காற்றிலும் கம்பளத்தில் நடப்பவர் உடலில் 1,500 வோல்ட் வரை திரளக்கூடும்.

முதன்மைக் காப்பு, தோலில் படிந்து எர்த்துடன் இணையும் மணிக்கட்டுப் பட்டையாகும். அதன் வடத்தில் 1 மெகா ஓம் மின்தடை உண்டு. தவறுதலாக 230 வோல்ட் மின்கம்பியைத் தொட நேர்ந்தால், பட்டை வழியாகப் பாயும் மின்னோட்டத்தை இத்தடை 0.23 மில்லி ஆம்பியருக்குள் அடக்குகிறது. உடலின் மின்னேற்றம் வடிவதற்கோ அது தடையன்று. அதற்கு ஆயிரத்தில் ஒரு விநாடியே மிகுதி. எனவே "நேராக எர்த் செய்தால் இன்னும் நல்லது" என்று அத்தடையை நீக்குவது, பொருளுக்குக் கூடுதல் காப்பளிக்காமல் ஆளின் உயிரைப் பணயம் வைப்பதாகும். சட்டைக் கைமீது கட்டிய பட்டையால் பயனில்லை. அணிந்தவரையும் பட்டையையும் சேர்த்து அளக்கையில் தடை 35 மெகா ஓமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது ஐ.இ.சி. 61340-5-1 தரநிலையின் வரையறை.

கடத்தாப் பொருள்களுக்கு எர்த் உதவாது. அவற்றில் மின்னேற்றம் நகர்வதில்லை. நெகிழித் தேநீர்க் குவளை, பாலித்தீன் பை முதலியவற்றை மேசையிலிருந்து அகற்ற வேண்டும்; அகற்ற இயலாதவற்றின்மீது அயனியாக்கியின் காற்றைச் செலுத்த வேண்டும். இளஞ்சிவப்புப் பை தான் மின்னேற்றம் பெறாதே தவிர, வெளியிலிருந்து வரும் இறக்கத்தைத் தடுக்காது. அதற்கு உலோகப் படலப் பையே ஏற்றது.

தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோர் கூடிப் பணிபுரியும் இவ்வட்டாரத்தில் 'நிலைமின்னிறக்கம்' என்னும் கலைச்சொல்லைவிட 'எர்த்' என்பதே விரைவில் புரியும். படக்குறியீடுகளும் மொழி கடந்தவை. ஆனால் தம்முள் மயங்கத்தக்கவை. முக்கோணத்தினுள் கோடிட்டு அடிக்கப்பட்ட கை, எளிதில் பழுதுறும் உறுப்பைச் சுட்டும். வளைவு கவிந்த, கோடில்லாத கை, காப்புப் பொருளைச் சுட்டும்.