மீட்டர் பொய் சொல்கிறதா?

லொறி, வேன் வைத்துத் தொழில் செய்வோர் பலர், வாகனத்துடன் வந்த டெம்பரேச்சர் மீட்டர் பழுதானால் பஞ்சிகாவத்தையில் வேறொன்று வாங்கிப் பூட்டுவதுண்டு. அதன் முள் அசையாவிட்டால், உடனே இன்னொரு மீட்டருக்குக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

வயரால் இயங்கும் மீட்டர்களில் பெரும்பாலானவற்றை இப்படிச் சோதிக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது சாவியைத் திருப்பி, சென்சரிலுள்ள வயரைக் கழற்றி, எஞ்சின் இரும்பில் ஒரு கணம் தொடுங்கள். முள் சூட்டுப் பக்கம் ஏறினால் மீட்டரும் வயரும் நல்லவை. குறை சென்சரில் அல்லது அதன் எர்த்தில் இருக்கிறது. ஒற்றை வயர் சென்சர் தன் புரி வழியாகவே எர்த் பெறும். ஒழுக்குக்குப் பயந்து அதில் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றினால் முள் குறைத்தே காட்டும். முள் ஏறாவிட்டால் வயரையும் மீட்டருக்கு வரும் கரண்டையும் பாருங்கள். சென்சர் அந்த மீட்டருக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும்.

ஓட்டத்தில், சூடேறிய முள் திடீரென இறங்கினால் நிம்மதியடைய வேண்டாம். தண்ணீர் வற்றி, சென்சர் வெறும் ஆவியில் நிற்கக்கூடும். வாகனத்தை நிறுத்தி, நன்றாக ஆறிய பின்பே ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். மீட்டர் போனால் சிறு செலவுதான்; சிலிண்டர் ஹெட் வளைந்தால் கராஜ் செலவோடு பல நாள் வியாபாரமும் போய்விடும்.