இணைத்துப் பேசக் கற்றுக் கொடுங்கள்

"சோறு வேண்டாம்" என்கிறது நான்கு வயதுப் பிள்ளை. சற்றுப் பொறுத்து, "வயிறு வலிக்கிறது" என்கிறது. இரண்டையும் சேர்த்து, "வயிறு வலிக்கிறது, அதனால் சோறு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்திருந்தால் தாய்க்கு உடனே விளங்கியிருக்கும். தெரியாததால், பிடிவாதக்காரப் பிள்ளை என்ற பெயர்தான் அதற்குக் கிடைக்கிறது.

அன்புள்ள பெற்றோர்களே! 'அதனால்', 'ஆனால்', 'அல்லது', 'ஏனென்றால்' போன்ற இணைப்புச் சொற்கள் பார்வைக்குச் சிறியவை. ஆயினும், ஒரு குழந்தை தன் காரணத்தையும் விருப்பத்தையும் மறுப்பையும் எடுத்துரைக்க இவை இன்றியமையாதவை. இவற்றைக் கற்பிக்கும் முதற் பள்ளிக்கூடம் உங்கள் வீடே.

சிறு மாற்றம், பெரும் வேறுபாடு

தமிழில் தனிச் சொற்கள் மட்டும் வாக்கியங்களை இணைப்பதில்லை. சொல்லின் இறுதியில் ஒட்டி வரும் உறுப்புகளும் அவ்வேலையைச் செய்கின்றன. "மழை பெய்தால் போகமாட்டேன்", "மழை பெய்ததால் போகவில்லை", "மழை பெய்தும் போனேன்" ஆகிய மூன்றையும் பாருங்கள். முதலாவது நிபந்தனை, இரண்டாவது காரணம், மூன்றாவது தடையையும் மீறிய செயல். இந்த வேறுபாட்டைக் காதால் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் உணர்கிறார்கள்.

'உம்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள்களைக் கூறுகிறது. அவற்றுள் எண்ணுப் பொருளே பிள்ளைகளுக்கு எளிது. ஆங்கிலத்தில் 'அண்ட்' படித்த பிள்ளைகள் தமிழில் "வாப்பா மற்றும் உம்மா வந்தார்கள்" என்று எழுதிவிடுகின்றனர். வீட்டில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. "வாப்பாவும் உம்மாவும் வந்தார்கள்" என்பதே காதுக்குப் பழகிய தமிழ். அந்த 'உம்'மிலிருந்தே தொடங்குங்கள்.

ஏட்டிலா, பேச்சிலா?

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே, பிள்ளைகளிடம் பாதி வாக்கியத்தைக் கொடுத்து, காரணம் சொல்லி முடிக்கச் செய்தார். 1924ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அதன் முடிவுகளை எழுதினார். மிதிவண்டியிலிருந்து ஒருவர் ஏன் விழுந்தார் என்பதற்கு, "ஏனென்றால் அவர் கை ஒடிந்தது" என்பது போல், விளைவையே காரணமாகச் சில பிள்ளைகள் கூறினர்.

பிற்கால ஆய்வாளர்கள், பிள்ளைகள் தாமாகப் பேசுவதைக் கவனித்தபோது, மூன்று வயதை ஒட்டியவர்கள்கூடத் தம் சொந்த விஷயங்களுக்குச் சரியாகவே காரணம் சொல்வதைக் கண்டனர். இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. பயிற்சி ஏட்டிலுள்ள யாரோ ஒருவரைப் பற்றிய வாக்கியத்தைவிட, பிள்ளையின் சொந்த வாழ்விலுள்ள வாக்கியமே அதற்கு எளிது.

படிப்படியாக...

• உணவு வேளையில், "தட்டில் என்னென்ன இருக்கின்றன?" என்று கேளுங்கள். "இட்லியும் சட்னியும்" என்று பதில் வரும்.

• "எழுந்து, பல் துலக்கி, பால் குடித்தேன்" என்று காலையில் நடந்ததை வரிசையாகச் சொல்லச் செய்யுங்கள்.

• "பச்சைச் சட்டையா, அல்லது நீலச் சட்டையா?" என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுங்கள்.

• 'ஏனென்றால்' என்பதற்கு முன் 'அதனால்' என்பதைப் பழக்குங்கள். 'அதனால்' வரும் வாக்கியத்தில் காரணம் முன்னும் விளைவு பின்னுமாக, நடந்த வரிசையிலேயே அமையும். 'ஏனென்றால்' அவ்வரிசையைத் திருப்பிவிடுகிறது.

• கதை சொல்லும்போது, "ஆட்டுக்குட்டி வழி தவறிவிட்டது, அதனால்..." என்று நிறுத்துங்கள். மீதியைப் பிள்ளை சொல்லட்டும்.

தவறாகச் சொன்னால் இடைமறித்துக் கண்டிக்க வேண்டாம். சரியான வாக்கியத்தை நீங்கள் இயல்பாக ஒருமுறை திருப்பிச் சொன்னால் போதும்.

'ஆனால்' என்பது அடங்காமையா?

இவற்றுள் பெரியவர்களின் பொறுமையைச் சோதிப்பது 'ஆனால்' என்னும் சொல். "போய்ப் படுத்துக்கொள்" என்றதும், "ஆனால் லாத்தா இன்னும் படிக்கிறாளே" என்கிறது பிள்ளை. உடனே, "எதிர்த்துப் பேசாதே" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அப்பிள்ளை செய்தது என்ன? இரண்டு செய்திகளை ஒப்பிட்டு, அவை முரண்படுவதைக் கண்டு, அதைச் சொல்லவும் செய்திருக்கிறது. அது அறிவின் வளர்ச்சி. குரலில் மரியாதை குறைந்தால் குரலைத் திருத்துங்கள், சொல்லைப் பறித்துவிடாதீர்கள். "ஆமாம், படிக்கிறாள். ஆனால் அவள் உன்னைவிடப் பெரியவள், அதனால் சற்று நேரம் கழித்துத் தூங்கலாம்" என்று பதில் சொல்லிப் பாருங்கள். ஒரே மூச்சில் இரண்டு இணைப்புச் சொற்களைக் கற்பித்துவிடுவீர்கள்.

வீட்டில் 'ஆனால்' என்று சொல்ல அஞ்சும் பிள்ளை, வெளியில் எவரேனும் தவறாக நடக்க முற்படும்போதும் மறுத்துப் பேசத் தயங்கும். தனக்கு நேர்ந்ததை வந்து சொல்லவும் தயங்கும். ஆகவே, இன்று இரவு உணவின்போது பிள்ளையிடம் ஒரு "ஏன்?" கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையுடன் காத்திருங்கள்.